ஆர்சிபிடி எண் உதைக்கும்போது எங்கே கை வைப்பது?

கடலோரப் பாலமோ துறைமுகச் சுவரோ, கான்கிரீட் டெண்டரில் ஆர்சிபிடி என்று ஒரு வரி இப்போதெல்லாம் தவறாமல் இருக்கிறது. ரேப்பிட் குளோரைடு பெர்மியபிலிட்டி டெஸ்ட், அதாவது கடலுப்பின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் எவ்வளவு எளிதாகப் போகும் என்று சீக்கிரம் கணிக்கும் சோதனை. 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் வட்டை அறுத்து, ஒரு பக்கம் 3 சதவீத உப்புக் கரைசல், மறுபக்கம் 0.3 நார்மல் காஸ்டிக் சோடா வைத்து, 60 வோல்ட் கொடுத்து, 6 மணி நேரத்தில் எத்தனை கூலம்ப் ஓடியது என்று கூட்டிச் சொல்லும் சோதனை. 1981-இல் டேவிட் வைட்டிங் அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக உருவாக்கியது. இன்று ஏஎஸ்டிஎம் சி 1202 என்ற அமெரிக்கத் தர முறையின் பெயரில் எல்லா ஊரிலும் ஓடுகிறது. 4000 கூலம்பைத் தாண்டினால் ஊடுருவல் அதிகம், 2000 முதல் 4000 வரை நடுத்தரம், 1000 முதல் 2000 வரை குறைவு, அதற்கும் கீழே 100 வரை மிகக் குறைவு.

எனக்கு வரும் போன்களில் பாதி, "அண்ணே, எண் சந்தேகமா இருக்கு" என்றுதான் தொடங்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனை குளோரைடு பரவுவதை நேராக அளப்பதில்லை. ஓடுகிற கரண்ட்டை எண்ணுகிறது, அவ்வளவுதான். வட்டுக்குள் போவது குளோரைடா, வேறு அயனியா, ஓரமாகக் கசியும் உப்புத் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. அதனால் எண் உதைத்தால், கரண்ட் போகக் கூடாத வழியில் போகிறதா, போக வேண்டிய வழியில் போகாமல் நிற்கிறதா என்று தேடுங்கள். கான்கிரீட்டைக் குறை சொல்வது கடைசியில்.

எதற்கும் முன்னால்: ஒரு ரெசிஸ்டர்

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1000 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி வையுங்கள். செல்லை (வட்டையும் இரு பக்கக் கரைசலையும் பித்தளை வலை மின்முனைகளையும் தாங்கும் பெட்டி) கழற்றிவிட்டு, அதில் மாட்டியிருந்த இரண்டு கிளிப்புகளையும் இதில் மாட்டி 60 வோல்ட் கொடுங்கள். 60 மில்லி ஆம்பியர் காட்ட வேண்டும். 30 நிமிடத்துக்கு 108 கூலம்ப், 6 மணி நேரம் விட்டால் 1296. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், வெறும் கையால் தொடாதீர்கள்.

எண் சரியாக வந்தால் கருவி சரி. கோளாறு செல்லிலோ வட்டிலோ கரைசலிலோ இருக்கிறது, கீழே அறிகுறிகளுக்குப் போங்கள். ஒரு சேனலில் மட்டும் தவறினால் அந்தச் சேனலின் வயர், கிளிப். எல்லாச் சேனலிலும் தவறினால் முதலில் மல்டிமீட்டரை வைத்து 60 வோல்ட் உண்மையாகவே வருகிறதா என்று பாருங்கள். பவர் சப்ளை முனையில் 60 இருந்து, கிளிப்பில் 57 இருந்தால் வயர் தின்கிறது.

கையால் படிக்கும் பழைய அமைப்பில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கரண்ட்டை அளக்க வைக்கும் 0.01 ஓம் ஷன்ட் ரெசிஸ்டரில் 60 மில்லி ஆம்பியருக்குக் கிடைப்பது 0.6 மில்லிவோல்ட்தான். சாதாரண மல்டிமீட்டர் 0.5, 0.6, 0.5 என்று படிக்கட்டு மாதிரி தாவும். நல்ல கான்கிரீட்டுக்கு அந்தப் படிக்கட்டே 20 சதவீதப் பிழை. மில்லி ஆம்பியரை நேரடியாகக் காட்டும் மீட்டருக்கு மாறுவது நல்லது.

மனக்கணக்குக்கு ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள்: 21.6. கரண்ட் மாறாமல் ஓடினால், மில்லி ஆம்பியரை 21.6-ஆல் பெருக்கினால் 6 மணி நேரக் கூலம்ப். தொடக்கத்திலேயே 200 காட்டினால் 4000-ஐத் தாண்டும் என்று காலையிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி 1: கரண்ட்டே இல்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது

செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

கரைசல் மட்டம். வட்டின் மேல் விளிம்பு வரை இருக்கிறதா? காற்று மாட்டிக்கொண்டு பாதி முகம் காய்ந்து நிற்பது அடிக்கடி நடக்கும். செல்லை லேசாகச் சாய்த்துத் தட்டினால் குமிழ் மேலே வரும்.

கிளிப். காஸ்டிக் பட்டுப் பட்டு உள்பற்களில் பச்சை பூத்திருக்கும். எமரி பேப்பரால் தேய்த்தாலே பாதி கேஸ் முடிந்தது.

வலைக்கும் முனைக்கும் இடையே உள்ள பற்றவைப்பு. மல்டிமீட்டரில் பீப் ஒலி வைத்து, ஒரு முனையைப் பித்தளை வலையின் நடுவிலும் மற்றொன்றை வெளி முனையிலும் வையுங்கள். வயரை ஆட்டும்போது பீப் அறுந்தால் அங்கேதான். மறுபடி பற்றவைத்து, வெளியே தெரியும் ஈயத்தை எபாக்சியால் மூடுங்கள்.

அப்புறம் ஒரு சங்கடமான காரணம். வட்டின் பக்கவாட்டில் பூச வேண்டிய எபாக்சி வழிந்து முகத்தையும் மூடியிருக்கும். புதிதாகச் சேர்ந்த தம்பிகள் செய்வது, நானும் செய்திருக்கிறேன். விளிம்பில் கொஞ்சம் என்றால் சுரண்டிவிடலாம். முகத்தில் பெரிதாகப் படர்ந்திருந்தால் வேறு வட்டு எடுங்கள்.

இவை எல்லாம் சரி, ரெசிஸ்டரிலும் கரண்ட் இல்லை என்றால் ஃப்யூஸ். புது ஃப்யூஸும் உடனே போனால் அதற்கு மேல் நீங்கள் திறக்காதீர்கள்.

அறிகுறி 2: கரண்ட் ஏறிக்கொண்டே போகிறது, செல் சுடுகிறது

கரண்ட் ஓடினால் சூடு. சூடானால் கரைசல் இன்னும் நன்றாகக் கடத்தும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம். அதனால் இன்னும் கரண்ட், இன்னும் சூடு. மட்டமான கான்கிரீட்டில் இந்தச் சுழல் இயல்புதான். ஆனால் நல்ல கான்கிரீட்டிலும் வந்தால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

தொடக்க வெப்பநிலை. வட்டும் கரைசலும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் 34 டிகிரியில் தொடங்கினால், நீங்கள் ஸ்விட்ச் போடும் முன்பே எண் 20 சதவீதம் ஏறிவிட்டது. கரைசலை முதல் நாள் இரவே ஏசி அறையில் வையுங்கள். ஐஸ் போட்டுக் குளிர்விக்காதீர்கள், செறிவு கெடும்.

கரைசல் கணக்கு. 3 சதவீதம் என்றால் 30 கிராம் உப்பு, 970 கிராம் தண்ணீர். 0.3 நார்மல் காஸ்டிக் என்றால் லிட்டருக்கு 12 கிராம். யாராவது 30 கிராம் காஸ்டிக் போட்டிருந்தால் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், புதிதாகக் கலந்து பார்ப்பதுதான் வழி.

வெளிப்பாலம். நிரப்பும்போது சிந்திய உப்புத் தண்ணீர் செல்லின் வெளிப்பக்கமாக இரண்டு அறைகளையும் இணைத்திருக்கும். துடைத்தவுடன் கரண்ட் சட்டென்று இறங்கினால் பிடித்துவிட்டீர்கள். துடைக்கும் முன் பவரை அணையுங்கள். 60 வோல்ட் காய்ந்த கையில் பெரிதாகத் தெரியாது, காஸ்டிக் ஈரம் பட்ட கையில் தெரியும்.

உட்கசிவு. கேஸ்கட் கிழிந்தோ சிலிகான் காயாமலோ, வட்டின் பக்கவாட்டு வழியாக ஒழுகும். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. முடிந்தபின் காஸ்டிக் அறையிலிருந்து 5 மி.லி. எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, சில சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால்போலக் கலங்கினால் குளோரைடு இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 6 மணி நேரத்தில் ஓரளவு நல்ல கான்கிரீட்டின் 50 மி.மீ.யைத் தாண்டி வருவது கடினம். எனவே கசிவு. அமிலம் விட மறந்தால் காஸ்டிக்கோடு சேர்ந்து பழுப்பாக ஏதோ படியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நான்கும் இல்லை என்றால் கான்கிரீட்டே அப்படித்தான். கரைசல் 90 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அக்ரிலிக் செல் வளையும். நிறுத்திய நேரத்தை எழுதி, ஊடுருவல் அதிகம் என்று ரிப்போர்ட் கொடுக்கலாம். முதல் 30 நிமிடக் கூலம்பை 12-ஆல் பெருக்கிப் பக்கத்தில் குறித்து வைத்தால் சூட்டின் பங்கு எவ்வளவு என்று தெரியும். இது உங்கள் பார்வைக்கு மட்டும். ரிப்போர்ட்டில் 6 மணி நேர எண்தான் போக வேண்டும்.

அறிகுறி 3: கரண்ட் இறங்கிக்கொண்டே வருகிறது

கொஞ்சம் இறங்குவது பரவாயில்லை. 80-இல் தொடங்கி மூன்றாவது மணியில் 30 என்றால் பாருங்கள்.

உப்புப் பக்க வலையில் ஹைட்ரஜன் குமிழ் ஒட்டியிருக்கும், தட்டிவிடுங்கள். மேலே உள்ள துவாரத்தை யாராவது கார்க் வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வாயு வெளியேற வேண்டும். பழைய வலை கருத்து, துளைகள் அடைத்துப் போயிருந்தால் புது வலை.

உப்பு அறைக்குள் பச்சையும் நீலமுமாகச் சேறு மிதக்கிறதா? பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறதா? வயர் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். உப்பு எப்போதும் மைனஸில், காஸ்டிக் பிளஸில். மாறினால் உப்பு அறையின் பித்தளை கரைந்து சேறாகிறது. இதில் கொடுமை என்னவென்றால், எண் பார்ப்பதற்கு ஒழுங்காகவே வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த வட்டைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. நாங்கள் இப்போது உப்பு அறையில் கருப்பு டேப், காஸ்டிக் அறையில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டோம்.

அறிகுறி 4: எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

இதைப் பார்த்து யாரும் போன் செய்வதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் சந்தோஷம். அதனால்தான் இதில் அதிக நேரம் செலவிடச் சொல்கிறேன். சாதாரண எம்30 தரக் கான்கிரீட், சேர்மானம் எதுவும் இல்லை, 28 நாள், எண் 600. நடக்காது. வட்டுக்குள் தண்ணீர் முழுதாகப் போகவில்லை. துளைகளில் காற்று நின்றால் அயனிக்கு வழி இல்லை.

முறைப்படி: டெசிகேட்டரில் (காற்றுப்புகாத மூடி போட்ட பாத்திரம்) வட்டை வைத்து, உள்ளே அழுத்தம் பாதரச அளவில் 50 மி.மீ.க்குக் கீழே வரும்படி 3 மணி நேரம் இழுக்க வேண்டும். பம்ப் ஓடும்போதே காற்று நீக்கிய தண்ணீரை உள்ளே விட்டு, இன்னும் 1 மணி நேரம். பிறகு காற்றைத் திறந்து 18 மணி நேரம் ஊற வேண்டும், இரண்டு மணி முன்னே பின்னே இருக்கலாம். இதில் எந்தப் படி அரைகுறையானாலும் எண் குறையும்.

முதல் சோதனைக்குத் தராசு போதும். 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. கனம் என்றால் வட்டின் கன அளவு 393 கன செ.மீ. துளை 12 சதவீதம் என்று வைத்தால் அது குடிக்கக்கூடிய தண்ணீர் 47 கிராம். வட்டு முன்பே ஈரமாக இருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஊறியதும் மேல் ஈரத்தைத் துடைத்து எடை போடுங்கள். மறுபடி வேக்குவம் வைத்து, ஊறவிட்டு, மறுநாள் எடை போடுங்கள். எடை மாறவில்லை என்றால் நிறைந்துவிட்டது. இன்னும் 5, 6 கிராம் ஏறினால் உங்கள் முதல் வேக்குவம் வேலை செய்யவில்லை.

அப்போது பார்க்க வேண்டியவை. மூடியின் விளிம்பில் கிரீஸ் காய்ந்திருக்கும், ரப்பர் ட்யூபில் மயிரிழை வெடிப்பு இருக்கும். பம்பை அணைத்துவிட்டு கேஜைப் பாருங்கள். முள் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் கசிவு. ஒவ்வொரு இணைப்பாக விரலால் அழுத்தினால் எங்கே முள் நிற்கிறதோ அங்கே ஓட்டை.

கசிவு இல்லாமலேயே அழுத்தம் இறங்கவில்லை என்றால் பம்ப் ஆயில். கண்ணாடி வழியாகப் பாருங்கள், மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஈரமான வட்டைத் தொடர்ந்து இழுக்கும் பம்ப்புக்கு இது தலைவிதி. ஆயிலை மாற்றுங்கள், பம்ப்புக்கு முன்னால் ஒரு சிலிக்கா ஜெல் குடுவை வையுங்கள். டெசிகேட்டரின் அடியில் நேற்றைய தண்ணீர் தேங்கியிருந்தாலும் சரிப்படாது. 30 டிகிரியில் தண்ணீரே 32 மி.மீ. ஆவியழுத்தம் கொடுக்கும், அதற்குக் கீழே அழுத்தம் இறங்காது, 50-க்குள் கசிவுக்கு விட்டுவைக்கும் இடம் மிகக் குறைவு. தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. வட்ட முகக் கேஜ் வெளிக்காற்றிலிருந்து எவ்வளவு குறைந்தது என்றுதான் காட்டும். சென்னையில் 50 மி.மீ. வேண்டுமானால் முள் 710-இல் நிற்க வேண்டும். ஊட்டியில் வெளிக்காற்றே 600-க்குக் கீழே, அங்கே 710 எந்தக் காலத்திலும் வராது. மலைமேல் வேலை என்றால் முழு அழுத்தத்தைக் காட்டும் கேஜ் வாங்க வேண்டும்.

காற்று நீக்கிய தண்ணீருக்கு: கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்டால் போதும். டிஸ்டில்டு தண்ணீர் எடுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

அறிகுறி 5: கான்கிரீட் நல்லது, எண் மட்டும் கூடுதல்

சைட்டில் என்ன அட்மிக்ஸர் (கான்கிரீட்டில் கலக்கும் ரசாயனம்) போட்டார்கள் என்று கேளுங்கள். துருத் தடுப்பான் என்று கால்சியம் நைட்ரைட் சேர்த்திருந்தால் துளைநீரே அதிகம் கடத்தும். எண் ஏறும், குளோரைடு உண்மையில் அதிகம் போகாமலேயே. சி 1202 இதை எச்சரிக்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. இந்தக் கலவைக்குச் சண்டை போடாமல் கீழே சொல்லும் வெள்ளிக்கோடு முறைக்குப் போய்விடுங்கள்.

வயது கேளுங்கள். ஃப்ளை ஆஷ், ஸ்லாக் கலந்த கான்கிரீட் 28 நாளில் தன் முழு வேலையைக் காட்டாது. 56, 90 நாளில் அதே கலவை கீழே இறங்கும்.

வட்டில் இரும்பு இருக்கிறதா? கட்டுக்கம்பித் துண்டு, இரும்பு நார். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும்.

விட்டத் திருத்தம் செய்தீர்களா? முறை 95 மி.மீ. விட்டத்துக்கு எழுதப்பட்டது. உங்கள் வட்டு 100 என்றால், 95-ஐ 100-ஆல் வகுத்து, அதன் வர்க்கமான 0.9025-ஆல் பெருக்க வேண்டும். ஒருமுறை ஒரு ஒப்பந்தக்காரர் 2150 வந்துவிட்டது, வரம்பு 2000 என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சோதித்த இடத்தில் இந்தத் திருத்தம் போடவில்லை. போட்டால் 1940.

அறிகுறி 6: ஒரே சிலிண்டர், மூன்று வட்டு, மூன்று எண்

ஒரே ஆள் ஒரே தொகுதியில் செய்த இரண்டு சோதனைகள் 34 சதவீதம் வரை விலகலாம் என்று முறையே அனுமதிக்கிறது. 1500-ம் 1900-ம் வந்தால் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்கும் மேல் என்றால் வட்டு சிலிண்டரில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மேல் முனையில் தண்ணீர் கசிந்து ஏறியிருக்கும், அங்கே துளை அதிகம். நடுவிலிருந்து அறுப்பது வழக்கம் என்றால் எல்லாவற்றையும் நடுவிலிருந்தே அறுங்கள், சாக்பீஸால் மேல், நடு, கீழ் என்று எழுதுங்கள். கனத்தையும் நான்கு இடத்தில் காலிப்பரால் அளந்து பாருங்கள். 47-க்கும் 53-க்கும் இடையே கரண்ட் 12 சதவீதம் வேறுபடும், அறுக்கும் பிளேடு ஆடினால் ஒரே வட்டிலேயே அந்த இரண்டும் இருக்கும். பிளேடு ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருந்தால் மெஷின் ஆளைக் கூப்பிடுங்கள், அதை ஷிம் வைத்துச் சமாளிக்காதீர்கள்.

அறிகுறி 7: சில்வர் நைட்ரேட் தெளித்தும் கோடு தெரியவில்லை

மேலே வெள்ளிக்கோடு முறை என்றது இதைத்தான்: என்டி பில்ட் 492 என்ற நார்டிக் நாட்டு முறை. 10 சதவீத உப்பு மைனஸ் பக்கம், 0.3 நார்மல் காஸ்டிக் பிளஸ் பக்கம், பெரும்பாலும் 24 மணி நேரம். பிறகு வட்டை நெடுக்கில் பிளந்து 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் தெளித்தால், குளோரைடு வந்த வரைக்கும் வெள்ளை, அதற்கப்பால் பழுப்பு. ஸ்வீடனில் டாங் லூபிங்கும் நில்சனும் கொண்டுவந்தது. கண்ணால் பார்க்கிற ஆழம் என்பதால் எனக்கு ஆர்சிபிடியை விட இதன்மேல்தான் நம்பிக்கை.

முகம் முழுக்க வெள்ளை: குளோரைடு முழுக்கக் கடந்துவிட்டது, அல்லது பிளந்த முகத்தைப் போர் தண்ணீரில் கழுவியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரிலேயே சில்வர் நைட்ரேட் விட்டால் பால் மாதிரி ஆகும். பிளந்த முகத்தைக் கழுவவே வேண்டாம். முழுக்கக் கடந்தது என்றால் அடுத்த வட்டுக்கு வோல்ட்டைக் குறையுங்கள். முதலில் 30 வோல்ட்டில் ஓடும் கரண்ட்டைப் பார்த்துத்தான் வோல்ட் முடிவாக வேண்டும். 15 முதல் 20 மில்லி ஆம்பியர் என்றால் 50 வோல்ட், 40 முதல் 60 என்றால் 30-லேயே விடலாம், 120 முதல் 180 என்றால் 15. அட்டவணையைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 60 கொடுப்பவர்களுக்குத்தான் இந்த வெள்ளை முகம் வரும்.

வெள்ளையே இல்லை: காத்திருந்தீர்களா? 15 நிமிடம் ஆகும். முகம் ஈரம் சொட்டச் சொட்ட இருந்தால் கரைசல் வழிந்து ஓடிவிடும். லேசாக உலரவிட்டுத் தெளியுங்கள். பாட்டில் எப்படி இருக்கிறது? பழுப்புக் கண்ணாடியில் இல்லாமல் ஜன்னலோரம் வைத்திருந்தால் கரைசல் செத்திருக்கும். ஒரு சொட்டை உப்புத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், வெள்ளையாகத் திரியாவிட்டால் கொட்டிவிட்டு, லிட்டருக்கு 17 கிராம் என்று புதிதாகக் கலக்குங்கள். விலை அதிகம், 100 மி.லி. மட்டும் கலந்தால் போதும். கையுறை போடுங்கள். ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கும் மையில் இருப்பதும் இதே சில்வர் நைட்ரேட்தான், எத்தனை நாள் போகாமல் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளை இருக்கிறது, பழுப்பு இல்லை: பழைய கட்டடத்திலிருந்து துளைத்தெடுத்த உருளையாக (கோர்) இருந்தால் கார்பனேற்றம் ஆகியிருக்கலாம். காரம் போன இடத்தில் பழுப்பு வராது. பக்கத்தில் ஃபீனால்ஃப்தலீன் (காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் கரைசல்) தெளித்துப் பாருங்கள், இளஞ்சிவப்பு வராத இடத்தில் இந்த முறை உதவாது.

கோடு மேலும் கீழுமாகப் போகிறது: நடுவிலிருந்து இரு பக்கமும் 10 மி.மீ. இடைவெளியில் ஏழு இடம் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஜல்லி குறுக்கே இருந்தால் பக்கத்தில் தள்ளி அளவெடுங்கள். ஓரத்து 10 மி.மீ.யைத் தொடாதீர்கள். ஓரத்தில் மட்டும் கோடு நாக்கு மாதிரி உள்ளே நீண்டிருந்தால் ரப்பர் உறை இறுகவில்லை, கிளாம்பை இறுக்குங்கள்.

அறிகுறி 8: கோடு சரி, கணக்கு உதைக்கிறது

அதே என்டி பில்ட் 492 முறையில், கோட்டின் ஆழத்திலிருந்து குளோரைடு நகர்வுக் கெழுவைக் கணக்கிட வேண்டும். உங்கள் எக்செல் தாளைச் சோதிக்க ஒரு கணக்கு தருகிறேன். கனம் 50 மி.மீ., 30 வோல்ட், 24 மணி நேரம், 25 டிகிரி, கோட்டின் ஆழம் 20 மி.மீ. விடை 9.3 × 10⁻¹² சதுர மீட்டர்/வினாடி வர வேண்டும்.

8.7 வந்தால் வோல்ட்டிலிருந்து 2-ஐக் கழிக்கவில்லை. மின்முனையில் வீணாகும் வோல்ட்டுக்காக அந்த 2. 30 வோல்ட்டில் 6 சதவீதம்தான் வித்தியாசம், ஆனால் 10 வோல்ட்டில் ஓட்டிய சோதனையில் 20 சதவீதம் அடிவாங்கும். விடை ஆயிரக்கணக்கில் தப்பினால் நேரத்தை வினாடியில் போட்டிருப்பீர்கள், சூத்திரத்துக்கு மணி வேண்டும். பத்து மடங்குக்கும் மேல் குறைந்தால் வெப்பநிலையோடு 273 சேர்க்கவில்லை.

அறிகுறி 9: மின்சாரம் இல்லாத சோதனையில் எண் நம்ப முடியவில்லை

ஊறப்போடும் முறையில் வட்டு 165 கிராம்/லிட்டர் உப்பில் குறைந்தது 35 நாள் கிடக்கும். களிமண் செல்லில், இறுக்கிய களிமண்ணின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் நல்ல தண்ணீர் வைத்து வாரக்கணக்கில் பார்ப்போம். இவைதான் உண்மையான பரவல் சோதனைகள், பொறுமையும் அதற்கேற்ப வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே உச்சவரம்பு இருக்கிறது. 25 டிகிரியில் வெறும் தண்ணீரிலேயே குளோரைடின் பரவல் கெழு 2.03 × 10⁻⁹ சதுர மீட்டர்/வினாடி. மண்ணிலோ கான்கிரீட்டிலோ அதைத் தாண்ட வழியே இல்லை. இறுக்கிய களிமண்ணில் 10⁻¹⁰ அளவிலும், நல்ல கான்கிரீட்டில் 10⁻¹², 10⁻¹¹ அளவிலும் வந்தால் நம்பலாம்.

கான்கிரீட்டில் எண் எகிறினால்: சுண்ணாம்புத் தண்ணீரில் நிறைக்காமல் காய்ந்த வட்டை அப்படியே உப்பில் போட்டிருப்பீர்கள். அது பரவவில்லை, உறிஞ்சிக் குடித்திருக்கிறது. ஊறிய வட்டை முகத்திலிருந்து அடுக்கடுக்காக அரைத்துக் குளோரைடு அளக்கும்போது முதல் அடுக்கு இரண்டாவதை விடக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம், கணக்கில் முதல் அடுக்கை விட்டுவிடுவதுதான் முறை.

களிமண் செல்லில் முதல் நாளே மறுபக்கம் உப்பு ஏறினால், மண்ணுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி. வளையத்தின் உள்பக்கம் பென்டோனைட் பசை தடவிவிட்டு மண்ணை மறுபடி இறுக்குங்கள். இரண்டு பக்க நீர்மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஒரு பக்கம் மாதிரி எடுத்துவிட்டு ஈடு செய்யாமல் விட்டால் தண்ணீரே ஓட ஆரம்பிக்கும். மொத்த உப்புக் கணக்கு இடிக்கிறது என்றால் ஆவியானது எவ்வளவு என்று பாட்டிலை எடை போட்டுப் பாருங்கள்.

கரைசலில் குளோரைடு செறிவை அளக்கும் எலக்ட்ரோடு: பத்து மடங்கு செறிவு வித்தியாசத்துக்கு 55 முதல் 60 மில்லிவோல்ட் மாற வேண்டும். 50-க்குக் கீழே என்றால் முனையை மெருகேற்றும் தாளால் தேய்த்து, உள் கரைசலை மாற்றுங்கள். பிறகும் ஏறாவிட்டால் புதுசுதான்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

ரெசிஸ்டரில் 60 மில்லி ஆம்பியர் வரவில்லை, வயர், கிளிப், ஃப்யூஸ் எல்லாம் பார்த்தாயிற்று என்றால் பவர் சப்ளை. 6 மணி நேரத்தில் 60 வோல்ட் 0.1-க்கு மேல் ஆடினாலும் அதேதான். சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்யும் முன் நான்கைக் குறித்து வையுங்கள்: ரெசிஸ்டரில் வந்த எண், முனையில் வோல்ட், கிளிப்பில் வோல்ட், எந்தச் சேனல். பம்ப் ஆயில் மாற்றியும் 50 மி.மீ. இறங்கவில்லை என்றால் பம்ப்பின் வேன் (உள்ளே சுழலும் தகடு) தேய்ந்திருக்கும், அது பம்ப் கடைக்காரர் வேலை. வோல்ட், கரண்ட், வேக்குவம் கேஜ் மூன்றையும் சரிபார்க்க என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய வாரியம்) அங்கீகாரம் உள்ள காலிப்ரேஷன் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், வெறும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பவர்களிடம் வேண்டாம். கட்டடம் ஏற்கெனவே எழும்பிவிட்டது, எண் வரம்பைத் தாண்டிவிட்டது, இருதரப்பும் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் நீங்கள் மறுசோதனை செய்யாதீர்கள். மீதி கோர்களை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, இரு தரப்பின் கையெழுத்தோடு மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.